மூன்றாவது துளை

வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் சொல்வார்கள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி பிறந்து சின்னவள் ஆன நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்து நாலு வயதிலும் கழன்றுவிடவில்லை. வேலை, அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில். எந்தக் கட்டு எந்த லாரிக்குப் போக வேண்டும் என்று பார்த்துச் சீட்டு ஒட்டி அனுப்பும் மேசை அவளுடையது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல்களில் பசை காய்ந்து, உரித்தால் தோல் மாதிரி வரும்.

ஒரு சனிக்கிழமை, படித்து முடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனவள், அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். பெரியவர்களுக்கான இசை வகுப்பாம். கிளாரினெட், சாக்ஸபோன். சனிக்கிழமைதோறும் காலையில், நூலகத்தின் மாடியிலேயே. கருவியை அவர்களே கொடுப்பார்களாம். கடைசி வரியில், முன் அனுபவம் எதுவும் தேவையில்லை என்று போட்டிருந்தது.

“ஒண்ணுமே தெரியாத ஆளு வேணும்னு கேக்குறாங்க. எனக்குன்னே ஒட்டின மாதிரி இருக்கு” என்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதைச் சொன்னாலும் முதலில் அதன் கோளாறு என்ன என்று யோசிக்கிற மனிதர். “ஊதுறது உடம்புக்கு நல்லதுதான். அங்கேயே ஊதிட்டு வந்துடுவியா, இல்ல வீட்டுக்கும் கொண்டு வருவியா?” என்று மட்டும் கேட்டார்.

“முதல்ல சேத்துக்கட்டும். அப்புறம் நீங்க காதைப் பொத்துங்க.”

சேர்த்துக்கொண்டார்கள். மாடியில் நீளமான அறை. மடக்கு நாற்காலிகள், ஒரு கரும்பலகை, தெருவைப் பார்த்த மூன்று ஜன்னல்கள். அவளையும் சேர்த்து ஒன்பது பேர். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த இளம் தாய் ஒருத்தி என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு இருபத்தாறு இருபத்தேழு வயதுதான் இருக்கும். எல்லோரும் தன்னைவிட மூத்தவர்களாக இருந்ததில் அந்தப் பெண்ணுக்குத்தான் உள்ளூர உதறல். வாய்க்கு வாய் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுச் சமாளித்தாள்.

“முதல் நாலு வாரம் ரெண்டையும் மாத்தி மாத்தி ஊதிப் பாருங்க. அஞ்சாவது வாரம் எது வேணும்னு நீங்களே சொல்லணும். சொன்னதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், ஒரு வருஷத்துக்கு உங்களோடதுதான். நடுவுல மாத்த முடியாது. அதனால நல்லா யோசிச்சு எடுங்க.”

முதல் வாரம் பெரியவள் கைக்கு வந்தது கிளாரினெட். கறுப்பு மரக் குழல், விரலால் அமுக்குகிற வெள்ளிச் சாவிகள், உடம்பு நெடுக வெறும் துளைகள். ஊதும் முனையில் ஒரு மெல்லிய நாணல் சீவலை வைத்துக் கட்டியிருந்தது. அதற்குப் பெயர் ரீட். அது அதிர்ந்தால்தான் சத்தம். முதல் பத்து நிமிஷம் வெறும் காற்றுதான் போனது. கன்னம் வலித்தது. தபால்காரரின் குழலிலிருந்து வாத்து கத்தியது. ரொட்டிக் கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். திடீரென்று, எதைச் சரியாகச் செய்தோம் என்று அவளுக்கே தெரியாத ஒரு நொடியில், பெரியவளின் குழலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தணிந்த, உருண்டையான குரல். அது அவள் கைக்குள்ளேயே நடுங்கியது. சட்டென்று வாயை எடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அன்றைக்கு நான்கு சுரம் கற்றுக்கொண்டாள். எல்லா விரலையும் எடுத்துவிட்டால் ஒரு சுரம். பிறகு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக மூட மூட, ஒவ்வொரு படியாக இறங்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பையின் பிடியில் இடது கை விரல்களை வைத்து எடுத்து, வைத்து எடுத்து வந்தாள்.

இரண்டாவது வாரம் சாக்ஸபோன். கழுத்தில் வாரை மாட்டி, பளபளவென்று ஒரு பித்தளைப் பிள்ளையை மார்பில் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. ஊதினதும் சத்தம் வந்துவிட்டது. வந்த சத்தம் சாதாரணச் சத்தமில்லை. கீழே நூலகர் மேலே பார்த்திருப்பார். “ஆஹா, அக்காவுக்கு எடுத்த எடுப்புல வருதே!” என்றாள் டீச்சர். பெரியவளுக்கும் சந்தோஷம்தான். கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது நல்ல சுமை ஒன்றை இறக்கி வைத்தது போல இருந்தது.

மூன்றாவது வாரம்தான் சிக்கல்.

மறுபடியும் கிளாரினெட். டீச்சர் ஐந்தாவது சுரத்துக்கு வந்தாள். அதற்கு சி என்று பெயர். இடது கையின் மோதிர விரலால் மூன்றாவது துளையை மூட வேண்டும். எல்லோரும் மூடினார்கள், தட்டுத்தடுமாறி ஒரு சுரம் எழுந்தது. பெரியவளின் குழலிலிருந்து மட்டும் புஸ் என்று காற்று. மறுபடி ஊதினாள். இந்த முறை, சக்கரத்துக்கு எண்ணெய் போடாத தள்ளுவண்டி மாதிரி ஒரு கிறீச்.

“அக்கா, துளை சரியா மூடல. காத்து கசியுது. விரலோட சதைப் பகுதியை வெச்சு மூடுங்க.”

“மூடியிருக்கேன் டீச்சர்.”

“எங்க, காட்டுங்க.”

டீச்சர் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பெரியவளின் இடது கை மோதிர விரலில் மேல் கணு இல்லை. மோதிரம் போடுகிற இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நகமும் நுனியும்தான் போயிருந்தன. மிச்சம் இருந்த மொட்டை முனையில் தையல் போட்ட தழும்பு ஒரு பள்ளமாக விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் காற்று போய்க்கொண்டிருந்தது.

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. “ஐயோ அக்கா, நான் கவனிக்கவே இல்லயே. மன்னிச்சுக்கோங்க. நீங்க கவலையே படாதீங்க, உங்களுக்கு சாக்ஸபோன்தான். அதுல எல்லாத் துளைக்கும் மூடி இருக்கு. மேல இருக்கிற பொத்தானை அமுக்கினாப் போதும், அதுவே மூடிக்கும். விரல் எப்படி இருந்தாலும்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ரொட்டிக் கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். இளம் தாய் தன் ரீட்டைச் சரிசெய்தாள்.

“சரிங்க டீச்சர்” என்றாள் பெரியவள்.

இந்த “சரிங்க” அவளுக்குப் பழகின சொல். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் கம்பெனியில் அட்டை வெட்டும் இயந்திரத்தில் நின்றாள். பதினொரு வருஷ அனுபவம். ஒரு வியாழக்கிழமை, சிக்கின அட்டையை எடுக்கக் கை விட்டாள். ஆஸ்பத்திரி, தையல், ஒரு மாத ஓய்வு எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினபோது அவளுக்காக ஒரு மேசை தயாராக இருந்தது. புது நாற்காலி, மேசைமேல் ஒரு பூச்செண்டு. “இனிமே உங்களுக்கு அந்த மெஷின் பக்கமே வேலை இல்லம்மா” என்று மேலாளர் கண் கலங்கச் சொன்னார். கூட வேலை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அவளும் சரிங்க என்று உட்கார்ந்துவிட்டாள். மெஷினுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. கேட்டிருந்தால் அவளே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் யாரும் கேட்கவில்லை.

அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் விஷயத்தைக் கேட்டார்.

“மூடி இருக்கிறதை எடுத்துக்கோன்னு சொல்றாங்க. அதுல உனக்கு சத்தமும் நல்லா வருது. அப்புறம் என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லைங்க” என்று எழுந்து போய்விட்டாள். அவர் தட்டை வைத்துக்கொண்டு, எங்கே ஒயர் விட்டுப்போனது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. பல்செட் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை. ஊரில் பாதிப் பேருடைய வாய் அவளுக்கு அத்துப்படி. துவைத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார்கள்.

“மாமா போன் பண்ணினாரு. நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கேன்னு சொன்னாரு. என்னவாம்?”

பெரியவள் சொன்னாள். துளை, கசிவு, டீச்சரின் முகம், எல்லாவற்றையும் சொன்னாள்.

“சரி, அந்தப் பொண்ணு சொன்னது தப்பா?”

“தப்பே இல்ல. நல்ல பொண்ணு. எனக்காகத்தான் சொல்லுச்சு.”

“அப்ப உனக்கு எதுதான் பிடிச்சிருக்கு? அதைச் சொல்லு.”

பெரியவள் கையிலிருந்த துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

“தெரியலடி. அந்தக் கறுப்புக் குழல் மொதல் நாள் பேசுனப்போ, பக்கத்து ரூம்ல யாரோ நம்மளப் பத்தி நல்லதா பேசிக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த சாக்ஸபோனும் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அது பிடிக்குமா பிடிக்காதான்னு நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கையில குடுத்துட்டாங்க. எப்பவும் இப்படித்தான். இந்த விரல் எனக்கு முன்னாடி போய் நின்னுக்குது. எல்லாரும் அதுகிட்டயே பேசி முடிச்சிடுறாங்க.”

ஐந்து வருஷத்தில் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. சின்னவளுக்கு வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்றைக்கு அதை விழுங்கிக்கொண்டாள். எட்டி அக்காவின் இடது கையைப் பிடித்தாள். அந்த மொட்டை முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், ஈறைப் பார்க்கிற மாதிரி.

“வலிக்குதா?”

“இல்ல.”

“பல்லே இல்லாத வாய்க்குப் பல்லு வெச்சு அனுப்புறேன். இதுக்கு ஒரு முனை வெக்க முடியாதா? அந்தத் துளை எவ்வளவு பெரிசு?”

நான்காவது வாரம் சாக்ஸபோன் முறை. பெரியவள் அதை மனசாரத்தான் வாசித்தாள். மூன்று விரலையும் அமுக்கினாள். மூடிகள் சொன்ன பேச்சு கேட்டன. சுரம் தங்கமாக வந்தது. ரொட்டிக் கடைக்காரர், “நாங்க எல்லாம் இன்னும் தவழுறோம், நீங்க நடக்கவே ஆரம்பிச்சிட்டீங்க” என்றார். அவளுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது. அந்தக் கருவியின் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை.

இடைவேளையில் எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனபோது, மேசைமேல் கிடந்த ஒரு கிளாரினெட்டை எடுத்தாள். மூன்றாவது துளையின் மேல் ஒரு தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தாள். துளையின் வட்டம் தாளில் அச்சாக விழுந்தது. பெட்டி செய்கிறவளுக்கு அளவெடுக்கச் சொல்லியா தர வேண்டும்?

அந்த வாரம் முழுக்க வீடு ஒரு தொழிற்கூடமாகிவிட்டது. அந்த விரல் முனைக்கு மாட்ட சின்னவள் முதலில் செய்துகொண்டு வந்த உறை கெட்டியாக இருந்தது. பல்செட்டின் கடினமான பொருள். நிறமும் ஈறின் நிறம். மாட்டிக்கொண்டு பார்த்தால் விரல் நுனியில் யாரோ வாய் பிளந்து சிரிப்பது போல இருந்தது.

“கடிச்சுடாது இல்ல?” என்றார் கணவர்.

“மாமா, நீங்க சும்மா வேடிக்கை பாக்காம ஒரு வேலை செய்யுங்க. இதோ இந்த அளவுல ஒரு குழாய்ல ஓட்டை போட்டுக் குடுங்க. கசியுதா இல்லையான்னு பாக்கணும்.”

ஒரு வேலை கிடைத்ததும் கணவருக்கு உயிர் வந்தது. ஒயர் போகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அறுத்து, தாளில் இருந்த வட்டத்துக்குச் சரியாகத் துளையிட்டு, ஓரத்தை உப்புத்தாளால் மழுமழுவென்று தேய்த்துக் கொடுத்தார். அடிப்பக்கத்தைக் கட்டையால் அடைத்துக் குழாயில் தண்ணீர் ஊற்றினார்கள். பெரியவள் உறை போட்ட விரலால் துளையை மூடினாள். மூன்று பேரும் சமையலறைத் தொட்டிமேல் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு ஒழுகியே விட்டது.

“கெட்டியா இருக்கிறது ஆகாது. சதை மாதிரி அமுங்கணும்” என்று சின்னவள் தலையைச் சொறிந்தாள்.

வயதானவர்களுக்கு ஈறு வலிக்காமல் இருப்பதற்குப் பல்செட்டின் அடியில் மெத்தென்று ஒன்றைப் பூசுவார்கள். அடுத்த உறையை அதில் செய்தாள். வடிவத்துக்கு ஒரு நுனி வேண்டுமே? தன்னுடைய இடது கை மோதிர விரலையே பல் அளவெடுக்கிற அச்சு மாவில் அழுத்தி வார்த்தெடுத்தாள். அக்கா தங்கைக்கு விரல் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வந்த உறையைப் பார்த்தால் நகத்தின் ஓரம் முதல் சதையின் ரேகை வரை அப்படியே சின்னவளின் விரல்.

“ரேகையெல்லாம் என்னோடது. எங்கயாவது போய்த் திருடிக் கிருடி வெச்சேன்னா போலீஸ் என் வீட்டுக்குத்தான் வரும், பாத்துக்கோ.”

பெரியவள் அதை மாட்டிக்கொண்டாள். விரல் பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குழாயின் துளையை மூடினாள். கணவர் தண்ணீர் ஊற்றினார். மூன்று பேரும் குனிந்தார்கள். ஒரு நிமிஷம் ஆனது. சொட்டு விழவில்லை. கணவர்தான் முதலில், “நின்னுடுச்சு!” என்று கத்தினார்.

ஐந்தாவது சனிக்கிழமை சின்னவளும் கூடவே கிளம்பினாள். “நான் செஞ்ச சாமான் வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா?” என்று வந்து, பின்வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். ரொட்டிக் கடைக்காரருக்கு சாக்ஸபோன். தபால்காரருக்குக் கிளாரினெட். பெரியவளிடம் வந்ததும், அவள் பெயருக்கு எதிரே ஏற்கெனவே சாக்ஸபோன் என்று எழுதி வைத்திருந்ததைத் தொட்டுவிட்டுத் தாண்டப் போனாள்.

“டீச்சர், கிளாரினெட்ல ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லட்டுமா?”

டீச்சர் நிமிர்ந்தாள். ஒரு குழலை எடுத்து நீட்டினாள்.

பெரியவள் உறையை மாட்டினாள். தெரிந்த நான்கு சுரங்களை ஒவ்வொன்றாக இறங்கினாள். மூன்றாவது துளையை மூடினாள், ஊதினாள். கிறீச் என்று எழுந்த சத்தத்தில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்துவிட்டது. இன்னொரு முறை. புஸ்.

எல்லோருடைய முகத்திலும் அந்தப் பரிதாபம் மெல்ல ஏறுவதை அவள் பார்க்காமலே உணர்ந்தாள். வாயிலிருந்து குழலை எடுக்கப் போனாள்.

“அக்கா, நனைச்சுக்கோ! பல்செட்டும் ஈரத்துலதான் பிடிக்கும்!” பின்வரிசையிலிருந்து சின்னவள் கத்தினாள்.

பெரியவள் உறையின் நுனியை நாக்கில் தொட்டு நனைத்தாள். மரத்தின் மேல் வைத்து மெதுவாக அழுத்தினாள். அது அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டது. மூச்சை நிதானமாக விட்டாள்.

சுரம் வந்தது. மற்ற நான்கையும்விடத் தணிந்த, கனத்த சுரம். அது நெஞ்சுக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்தது. மூச்சு தீரும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியதால் அறை மங்கலாகத் தெரிந்தது.

தபால்காரர் கை தட்டினார். டீச்சர் தட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, சத்தம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நான் உண்மையைச் சொல்லணும். வேகமா வாசிக்கும்போது இந்த உறை நழுவும். துளை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தொட்டுத் தெரியாது, ஒவ்வொரு தடவையும் தேடணும். எல்லாத் துளைக்கும் மூடி போட்ட கிளாரினெட்டும் செய்யறாங்க. நம்மகிட்ட இல்ல, எப்ப கிடைக்கும்னும் தெரியாது. சாக்ஸபோன்ல ஒரு வருஷத்துல போற தூரத்துக்கு இதுல மூணு வருஷம் ஆகும். இது எல்லாத்தையும் அன்னிக்கே உங்ககிட்ட சொல்லிட்டு, எது வேணும்னு கேட்டிருக்கணும். நான் கேக்கவே இல்ல.”

“நீங்க நல்லதுக்குத்தான் டீச்சர் சொன்னீங்க.”

“நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனா கேக்கலியே. இப்ப கேக்குறேன். எது வேணும்?”

பெரியவள் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்த சாக்ஸபோனைப் பார்த்தாள். அதன் மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. தங்கமாக வந்த அந்தச் சுரம் ஞாபகம் வந்தது. அதையும் விட மனசில்லைதான். இரண்டையும் தராசில் வைத்த மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவசரப்படுத்த யாரும் இல்லை என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

“கிளாரினெட். மூணு வருஷம் ஆனா ஆகட்டும் டீச்சர். எனக்கு என்ன ரயிலா போகுது?” என்றாள்.

டீச்சர் சிரித்துக்கொண்டே பழைய எழுத்தை அடித்துவிட்டு எழுதினாள். அப்போது பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

“அப்ப அந்த சாக்ஸபோன் சும்மாதானே இருக்கு?” என்றாள் சின்னவள். “ஒரு தடவை ஊதிப் பாக்கலாமா?”

ஊதிப் பார்த்தாள். மற்றவர்கள் வாயையே பார்த்துக் காலம் தள்ளினவளுக்குத் தன் வாயில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம். பத்தாவது பெயராகத் தன்னையும் எழுதச் சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மடிக்க நேரம் இல்லாமல் போயிற்று. இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை விரித்து வைத்து, ஒரே சுரத்தை ஊதினார்கள். ஒன்று ஒரு பக்கம் போனது, இன்னொன்று வேறு பக்கம் போனது.

“நீ தப்பா ஊதுற.”

“நானா? உன் விரல் நழுவுது, பாரு.”

“நழுவறது உன் விரல்தாண்டி, ரேகையப் பாரு!”

சண்டை முற்றி டீச்சருக்கே போன் போட்டார்கள். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு கருவிக்கும் சுரத்தின் பெயர்தான் ஒன்று, சத்தம் வேறு வேறு என்று விளக்கினாள். அக்கா தன் சி சுரத்தை ஊதினால் தங்கை ஜி ஊத வேண்டும், அப்போதுதான் ஒன்றாகக் கேட்கும் என்றாள். ஊதினார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே சத்தமாக எழுந்தபோது, வாசலில் லிஃப்ட் வேலைக்கான சாமான் பெட்டியோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவர் ஒரு செருப்போடு நின்று கேட்டுவிட்டு, இன்னொன்றை மாட்டினார்.

டீச்சர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. உறை நழுவத்தான் செய்தது. வெயில் காலத்தில் வேர்த்துச் சுழன்றது. மாதத்துக்கு ஒன்று கிழிந்தது. சின்னவள் வார்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் கம்பெனியில் மேலாளர் அவள் மேசைமேல் கிடந்த உறையைப் பார்த்து, என்னம்மா இது என்று பதறினார். அவள் கையை நீட்டி, மாட்டிக் காட்டி, கதையைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்பட்டு, “இவ்வளவு ஆசை இருக்கா உங்களுக்கு? சொல்லவே இல்லயே” என்றார்.

“நீங்க கேக்கவே இல்லயே சார்” என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அதற்கு அடுத்த வாரம், புதிதாக வந்த அச்சு இயந்திரத்துக்கு ஆள் போடும்போது, அவள் மேசைக்கு வந்து நின்று, விருப்பம் உண்டா என்று கேட்டார். அவள் ஒரு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று சொன்னதில் அவளுக்கு என்னவோ அப்படி ஒரு திருப்தி.

வருஷக் கடைசியில் நூலக மாடியிலேயே ஒரு சின்ன நிகழ்ச்சி வைத்தார்கள். வீட்டு ஆட்கள் மட்டும் வந்திருந்தார்கள். நாலு வரிப் பாட்டு ஒன்று, பத்துப் பேரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். முதல் வரி சுகமாகப் போனது. இரண்டாவது வரியில் வேகம் கூடினதும் பெரியவளின் உறை கழன்று மடியில் விழுந்துவிட்டது. அவள் குழலைக் கீழே வைக்காமல், மடியில் தேடி, மாட்டி, நாக்கில் நனைத்து, மூன்றாவது வரியின் நடுவில் சேர்ந்துகொண்டாள். பக்கத்தில் சின்னவள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டே ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தாள். நாலாவது வரியை எல்லோரும் ஒன்றாக முடித்தார்கள். தபால்காரர் மட்டும் ஒரு சுரம் பின்னால் முடித்தார்.

திரும்பி நடக்கும்போது கணவர் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“ரெண்டாவது வரியில உன்னக் காணோமே, எங்க போயிருந்த?”

“விரலைத் தேடப் போயிருந்தேன்.”

“பரவாயில்ல. லிஃப்ட் மாதிரி நடு மாடியில நின்னாலும், ஆளுங்க இறங்குற இடத்துக்கு வந்துட்டல்ல?” என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை. பெரியவள் தெருவிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சின்னவள் வருவதற்கு முன்பே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வரியை விட்டுவிட்டு, இரண்டாவது வரியிலிருந்து, மெதுவாக ஆரம்பித்தாள்.